வரப்பில் பிறந்த காடு

மரக்காணத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் உப்பளத்தில் முதல் வேலை உப்பு வாருவதல்ல. பாத்தியில் தேங்கிய நல்ல தண்ணீரை வெளியேற்ற வேண்டும், படிந்த சேற்றை அள்ள வேண்டும், இளகிப்போன களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து மறுபடி இறுக்க வேண்டும். இந்தத் தண்ணீரும் சேறும் எங்கே புறப்படுகின்றன என்பதே என் தேடலின் தொடக்கம். வரைபடத்தில் உப்பளத்திலிருந்து மேட்டை நோக்கிப் போனால் முதலில் வருவது எடையன்திட்டுக் கழிமுகம். அதற்குப் பின்னால் கழுவெளி ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட சதுப்பு நிலம். கழுவெளிக்கு வரும் ஓடைகளில் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் தெற்கே போனால், வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில், புதுச்சேரியை அடுத்த சர்வதேச நகரமான ஆரோவில்லின் மரங்களுக்கு நடுவில் அவை தொடங்குகின்றன. சேற்றைத் தேடியது ஒரு காட்டின் பிறப்பைத் தேடுவதில் வந்து நின்றது. நீதிமன்றங்களில் வழக்காடப்பட்ட காடு அது.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது எடுத்த படங்களில் காடு இல்லை. செம்மண் பொட்டல், ஆங்காங்கே பனை, ஓர் ஆலமரம், மழை அறுத்துவிட்ட பள்ளங்கள். ஆனால் அந்த மேடு ஆதியிலிருந்தே பொட்டலாக இருக்கவில்லை. மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான இக்கரையின் இயற்கைக் காடு வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும் கருங்காலியும் சேர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. அதன் மிச்சத்தைக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் இன்றும் பார்க்கலாம். கிளையை ஒட்டியே கொத்தாகப் பூக்கும் காயாம்பூவின் நீலம் அங்கே அய்யனாரின் காவலில் தப்பிப் பிழைத்தது. மற்ற இடங்களில் விறகுக்கும் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் போனது. ஆரோவில்லை ஒட்டிய இரும்பையில் கடுவெளிச் சித்தர் சாபத்தால் நிலம் வறண்டது என்று ஊரார் சொல்வார்கள். அந்தக் கதையை நான் ஆவணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அதில் ஓர் உண்மை தங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்: இந்தப் பொட்டல் பிறவிக் குணமல்ல, இடையில் நேர்ந்த கேடு என்பதை ஊர் மறக்கவில்லை.

ஆரோவில் மேட்டில் மரத்துக்கு முன்னால் வந்தது வரப்பு. மூடாக்கில்லாத செம்மண்ணில் ஐப்பசி கார்த்திகை மழை அடித்தால் மேல்மண்ணின் துளைகள் அடைபட்டுவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த நிலையில் நட்ட கன்று நிற்காது. அதனால் ஆரோவில்வாசிகள் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டி, குட்டை வெட்டி, அதன் பிறகே நட்டார்கள். சுற்றுக் கிராமத்து உழைப்பாளர்களின் மண்வெட்டி இல்லாமல் இது நடந்திருக்காது. முதலில் சீக்கிரம் வளரும் அயல்நாட்டு வேலமர வகைகள், அவற்றின் நிழலில் கோயில் காடுகளிலிருந்து எடுத்த விதைகளின் நாற்றுகள். 2011 டிசம்பரில் தானே புயல் அந்த அயல் வேலமரங்களை ஏராளமாகச் சாய்த்தது. அடியில் வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. மழைநீரைப் பிடிக்கப் போட்ட வரப்பின் மேல் வளர்ந்ததால், இந்தக் காட்டையும் மழைநீர் ஏற்பாட்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

2021 டிசம்பரில் அந்தக் காட்டுக்குள் பொக்லைன் நுழைந்தது. நகரத் திட்டத்தின் வட்டப் பாதையான கிரவுன் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டன. ஆரோவில்வாசிகள் பலர் இயந்திரத்தின் முன் நின்றார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வேலையை நிறுத்தியது; 2022 ஏப்ரல் 28 அன்று, நகரத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நகரத் திட்டம் சட்ட வலு உள்ளது, தீர்ப்பாயம் தன் எல்லையை மீறியது, வளர்ச்சிக்கான உரிமையும் உரிமைதான் என்பது அதன் நிலை. சட்டக் கேள்விக்கு அது இறுதி விடை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கேள்விக்கு அந்த விடை போதாது.

சாலைக்காக வாதிடுவோர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆரோவில் 50,000 பேருக்கான நகரமாகவே கனவு காணப்பட்டது. காடு வளர்க்க அல்ல. வாசிகளிலேயே ஒரு பகுதியினர் சாலையை விரும்புகிறார்கள். ஆனால் வட்டமான அந்த நகர வடிவம் 1960களில் பொட்டல் நிலத்துக்கு வரையப்பட்டது. அன்று அந்த மண்ணில் வெட்டுவதற்குக் காடும் இல்லை, உடைப்பதற்கு வரப்பும் இல்லை. கோட்டைச் சில இடங்களில் வளைத்தாலும் நகரம் நகரமாகவே இருக்கும். இன்னொரு வாதம், போகப்போவது ஒரு குறுகிய பட்டைதானே என்பது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. நகரின் மையமான தியான மண்டபம், மாத்ரிமந்திர், இருப்பது அந்த மேட்டின் உச்சியை ஒட்டி. உச்சியைச் சுற்றி வட்டமாகச் சாலை போட்டால், அங்கிருந்து எந்தத் திசையில் இறங்கும் ஓடையும் அந்தச் சாலையைக் கடந்தே தீர வேண்டும். பரவி இறங்க வேண்டிய தண்ணீரைச் சாலை திரட்டி, பாலம் உள்ள சில இடங்களில் மட்டும் வேகமாக வெளியே தள்ளும். எத்தனை மரம் விழுந்தது என்று எண்ணுவதைவிட எத்தனை வரப்பு அறுபட்டது என்று பார்ப்பதே சரியான கணக்கு.

வடிகால் கட்டிவிட்டால் போதுமே என்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையின் கோட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை கான்கிரீட் மழைநீர் வடிகால் திட்டம் வந்தபோது குடியிருப்போர் எதிர்த்ததற்குச் சொன்ன காரணம், எங்கள் மணல் மழையைக் குடித்துக்கொள்ளும், கடலுக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான். கரையோரக் கிணறுகளுக்குள் உப்புநீர் ஏறாமல் தடுப்பது நிலத்தடியில் நிற்கும் நல்ல தண்ணீரின் அழுத்தம். வடிகால் தண்ணீரை அப்புறப்படுத்துமே தவிர அந்த அழுத்தத்தைத் தராது. நட்டது காடாகாது என்பது இன்னொரு வாதம். 1996இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமே காட்டை அகராதிப் பொருளில் கொண்டு வனச் சட்டப் பாதுகாப்பு தரச் சொன்னது. ஆனாலும் ஆரோவில் மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கீழ்ப்புத்துப்பட்டு வீரையின் விதை வேறோர் இடத்தில் முளைத்தால் அது வீரை இல்லையா?

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. அத்தனை மழையை எந்தக் காடும் முழுதாகக் குடிக்காது. அப்படி நான் சொல்லவும் இல்லை. அளந்து பார்க்கச் சொல்கிறேன். சாலை கடக்கும் ஒவ்வோர் ஓடையிலும் வெட்டுவதற்கு முன் ஒரு பருவமழையிலும் வெட்டிய பின் ஒரு பருவமழையிலும், தண்ணீர் எவ்வளவு வந்தது, அதில் மண் எவ்வளவு கலந்திருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கை ஆரோவில் அலுவலகத்தோடு முடித்துவிடாமல் கழுவெளியில் வலை வீசுவோருக்கும், தை பிறந்தால் பாத்தி மிதிக்க இறங்கும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளருக்கும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும்.