பிடித்தவர்களும் குடித்தனம் நடத்தியவர்களும்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் படைத்தளங்கள் என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று செஞ்சி. பிழைப்புக்காகக் கடல் கடந்துவிட்ட எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சில நாள் வாட்ஸ்அப்பில் ஓடிய பெருமை. அந்தப் பெருமைக்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கோட்டையை முதலில் கட்டியவர் ஆனந்தக் கோன் என்ற மரபுக் கதையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், செஞ்சியை ஆண்டவர்கள் என்று நாம் பெயர் சொல்லும் ஏறக்குறைய எல்லாருமே வெளியிலிருந்து வந்தவர்கள். விஜயநகரத்தின் பேரில் வந்த நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர்ப் படை, 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், அவர்கள் அமர்த்திய புந்தேல ராஜபுத்திரர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். ஊரைப் பிடித்தவர்கள் இத்தனை பேர். ஊரில் தங்கியவர்கள் யார் என்று கேட்டால், வேற்று நாட்டில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் உதவக்கூடிய ஒரு விடை கிடைக்கிறது. வேலை சோறு போடும், குடியுரிமை பாஸ்போர்ட் தரும். ஓர் இடம் சொந்த ஊராவது மட்டும் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்தும் அன்றாடக் குடித்தனத்தால்தான். அந்தக் குடித்தனத்தின் சந்தோஷங்களை வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற சின்ன விஷயம் என்று நினைப்பது தவறு என்பது என் கட்சி.

செஞ்சியிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சுப் படை இங்கே சுமார் பத்தாண்டு இருந்தது. அந்தக் காலத்துக்குள் நோயாலும் தட்பவெப்பத்தாலும் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை அது இழந்தது என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். பாசறை வாழ்க்கை; மனைவி, பிள்ளை, அடுப்பு எதுவும் இல்லை. அவர்கள் போனதும் ஊரில் அவர்களுடைய வாழ்க்கை என்று எதுவும் மிஞ்சவில்லை. தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் இன்றைக்கும் குதிரையேறி வரும் தேசிங்கு ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். தேஜ்சிங் என்ற அந்தப் புந்தேல இளைஞர் தந்தை சொரூப்சிங்கின் பதவிக்கு உரிமை கோரி வந்து, ஆற்காட்டு நவாப் சாததுல்லா கானோடு மோதி, 1714இல் மாண்டார். பிள்ளைகளோடு ஊன்றிய குடித்தனம் இல்லை; பெயர் பாட்டில் இருக்கிறது. ஆனால் அதே புந்தேல்கண்டிலிருந்து படையோடு வந்து, பெயரில்லாமல், இங்கேயே பிள்ளை குட்டிகளோடு தங்கிவிட்டவர்களும் உண்டு. ஆற்காட்டுப் பகுதியில் பொந்திலி என்று அறியப்படும் குடும்பங்கள் அவர்கள் வழி என்று சொல்லப்படுகிறது. நாயக்கர் ஆட்சி 1649இல் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தை ஒட்டி வந்த தெலுங்குக் குடும்பங்கள் போகவில்லை. செஞ்சியைச் சுற்றிய கிராமங்களில் வயலிலும் கடையிலும் தமிழ் பேசி, வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களைப் போய் வேற்றூர்க்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோட்டையின் கல்லிலேயே இதற்குச் சான்று உண்டு. ராஜகிரிக் குன்றின் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறிவிட்டு இறங்கும் சுற்றுலாக்காரர்கள் கீழே கல்யாண மகாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நடுவே முற்றம், சுற்றிலும் அந்தப்புரத்துப் பெண்களுக்கான அறைகள், அடுக்கடுக்காக உயரும் கோபுரம், மேல் தளங்கள்வரை மண்குழாய் வழியே ஏற்றப்பட்ட தண்ணீர். பக்கத்திலேயே தடித்த சுவர்கொண்ட தானியக் களஞ்சியங்கள். கொஞ்ச தூரத்தில் சக்கரகுளமும் செட்டிகுளமும். பீரங்கிக்குச் செய்த ஏற்பாட்டுக்குக் குறையாத ஏற்பாடு பிள்ளைக்குக் குளிக்க வார்ப்பதற்கும் சோறு பொங்குவதற்கும் நடந்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் நம் வழிகாட்டிகள் பீரங்கியின் கதையைத்தான் சொல்கிறார்கள்.

குடித்தனம் ஊரை எப்படிச் சொந்தமாக்குகிறது? பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு வெளியூர் என்பது அலுவலகம், கடை, பேருந்து நிறுத்தம். தெரிந்த பத்துச் சொல்லை வைத்துக் காலம் தள்ளிவிடலாம். குழந்தை வந்துவிட்டால் அது முடியாது. நான் குடியேறியிருக்கும் சுவீடனில் மாதக் குழந்தையை எடை போட நலநிலையத்துக்குப் போக வேண்டும். ஒரு வயது நிரம்பினால் பாலர் பள்ளியில் இடம் கேட்கும் உரிமை இருக்கிறது. மூக்கு ஒழுகினால் திருப்பி அனுப்புவார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஒரு பிள்ளைக்கு வருடத்தில் 120 நாள்வரை உதவித்தொகையோடு பெற்றோர் வீட்டில் இருக்கலாம். பிப்ரவரியில் இந்த விடுப்பு எடுப்பவர்கள் அத்தனை பேர் என்பதால் அந்த மாதத்துக்கே கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பனிக்காலக் காலையில் இரண்டு வயதுப் பிள்ளையை வெளியே கிளப்புவதைப் பாருங்கள். கம்பளி உள்ளாடை, அதன்மேல் காலுறை, அதன்மேல் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டான கெட்டி உடுப்பு, பிறகு தொப்பி, கழுத்துச் சுற்றி, கடைசியாகக் கையுறை. கையுறையைத்தான் கடைசியில் போட வேண்டும். முந்திப் போட்டால் பிள்ளை பிய்த்து எறிந்துவிடும். எல்லாம் முடிந்த அந்த விநாடியில் ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லும். இந்த வரிசையை எந்த அரசு கையேட்டிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்து வீட்டுத் தாயோ தகப்பனோ சொல்லித்தான் வரும். செஞ்சியில் ஒரு கிழவி காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பச்சைப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, வசம்பு கட்டிய கையோடு தாயிடம் கொடுப்பதும் இதே வகைப் பாடம்தான். மருமகளாக வந்த வேற்றூர்ப் பெண்ணுக்கு அந்தத் தெரு சொந்தத் தெருவாவது அப்படித்தான்.

பிள்ளை தன் நாட்காட்டியையும் கொண்டுவருகிறது. செஞ்சியில் வெள்ளிக்கிழமை வாரச்சந்தை. ஆட்டு வியாபாரம் நடக்கும் அன்றைக்கு, பொரியும் கடலையும் வாங்கிவரும் பைக்காகப் பிள்ளைகள் வாசலில் நிற்கும். சுவீடனில் மிட்டாய்க்குச் சனிக்கிழமை. பல்லைக் காப்பாற்ற வாரம் ஒருநாள் மட்டும் இனிப்பு என்று 1950களில் மருத்துவர்கள் சொன்ன யோசனை குடும்ப வழக்கமாகவே மாறிவிட்டது. வியாழக்கிழமை பாலர் பள்ளியில் பட்டாணிச் சூப்பும் மெல்லிய தோசை போன்ற பான்கேக்கும். தமிழ் வீடுகளிலும் இந்த வழக்கங்கள் பிள்ளைகளின் பிடிவாதத்தால் நுழைந்துவிடுகின்றன. வீட்டில் யாருக்கும் எதைக் கற்கிறோம் என்ற நினைப்பே வராமல் ஒரு நாட்டின் வாரம் நம் வாரமாகிவிடுகிறது. இதில் இருக்கும் சந்தோஷத்தைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை பிள்ளை தன் காகிதப் பையில் உள்ள மிட்டாய்களை நிறம்வாரியாகப் பிரித்து, பிடிக்காத ஒன்றைத் தகப்பனுக்குக் கொடுக்கிற அளவுதான் அது.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. குடித்தனம் சந்தோஷம் என்று எழுதுவது எளிது. செய்கிறவர் கை யாருடையது? டேனியல் கானமனும் மற்றவர்களும் 2004இல் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக நினைவுகூரச் சொல்லி ஆராய்ந்தபோது, பிள்ளைகளைக் கவனிப்பது தந்த மகிழ்ச்சி சமையலுக்கும் டிவி பார்ப்பதற்கும் கீழே இருந்தது. இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இன்னும் நேரடியானது: சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள், அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு எழுதப்படும் குடும்பப் புகழ்ச்சிகளை நானும் நம்புவதில்லை. ஆனால் கானமனின் கேள்விக்கு அடுத்த கேள்வியையும் கேட்டவர்கள் உண்டு. மேத்யூ வைட், பால் டோலன் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நேரம் இனிதாக இருந்ததா என்பதோடு பயனுள்ளதாக இருந்ததா என்றும் கேட்டார்கள். அப்போது பிள்ளை வளர்ப்பு மேலே வந்தது. களைப்பும் நிறைவும் ஒரே வேலையில் சேர்ந்து இருக்கலாம். தீர வேண்டியது அந்தக் களைப்பு ஒருத்தி தலையில் மட்டும் விழுவது. சுவீடன் 1974இல் மகப்பேறு விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றியது. அப்படியும் ஆண்கள் எடுக்கவில்லை. 1995இல் ஒரு மாதத்தை, 2002இல் இரண்டாவது மாதத்தை, 2016இல் மூன்றாவதை, எடுக்காவிட்டால் வீணாகும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒதுக்கியபிறகுதான் தள்ளுவண்டியோடு தகப்பன்கள் தெருவில் தென்பட்டார்கள். என் வாதப்படி பார்த்தால் தகப்பனுக்கும் இதில் லாபம் உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலத்தோடு முடித்துக்கொள்ளும் ஆண் பத்து வருடம் ஆனாலும் விருந்தாளி. பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டு அழைத்துவருகிறவர் ஒரே வருடத்தில் அக்கம்பக்கத்தாருக்கு இன்னாருடைய அப்பா ஆகிவிடுகிறார். அரசு அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்பது சுவீடனுக்கே உரியதும் அல்ல. 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டு வீடுகளில் எந்த வேளையின் பரபரப்பைக் குறைத்தது என்று செஞ்சித் தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது மறுப்பு புலம்பெயர்ந்த தமிழரின் நிரந்தரக் கவலை: பிள்ளை ஊரோடு ஒட்டிவிட்டால் தமிழை விட்டுவிடும். செஞ்சிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகள் இதற்கு நல்ல பதில். பள்ளிக்கூடத்தின் துணை இல்லாமல் தாலாட்டிலும் திட்டிலும் சோறூட்டலிலும் நூற்றாண்டுக்கணக்காக ஒரு மொழி நின்றிருக்கிறது. எழுத்து போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு பேச்சைக் காப்பாற்றும், எழுத்தைக் காப்பாற்றப் பள்ளி வேண்டும். 1977 முதல் சுவீடன் பள்ளிகளில் வீட்டுமொழிப் பாடம் இருக்கிறது. குறைந்தது ஐந்து மாணவரும் தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் நகராட்சி நடத்தியாக வேண்டும். சலுகை இருந்தும் விண்ணப்பம் போடாமல் தமிழ் அழிகிறது என்று வருந்துபவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு.

பாட்டி தாத்தா இல்லாத குடும்பம் என்ன குடும்பம் என்ற மூன்றாவது மறுப்புக்கு எளிதான பதில் இல்லை. 2024 ஜூலை முதல் சுவீடனில் பெற்றோர் தம் விடுப்பு நாள்களில் ஆளுக்கு 45 நாள்வரை தாத்தா பாட்டிக்கோ வேறொருவருக்கோ மாற்றிக்கொடுக்கலாம். குழந்தைக்கு இரண்டு கை போதாது என்று ஒரு சட்டமே ஒப்புக்கொண்டதாக இதைப் படிக்கலாம். ஆனால் பெறுகிறவர் அந்நாட்டின் சமூகக் காப்பீட்டுக்குள் இருக்க வேண்டும். செஞ்சியிலிருந்து வசம்பும் மாசிக்காயும் உரைகல்லும் பெட்டியில் வைத்துக்கொண்டு வரும் ஆயாவுக்கு அது பொருந்தாது. அவருக்கு 90 நாள் விசாதான். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போது அவர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருப்பார். வீடியோ அழைப்பு இதை ஈடுகட்டும் என்று நான் வாதாட மாட்டேன்.

என் வாதத்தை மிகவும் உலுக்கும் சான்று கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். பின்னால் வந்து சேர்ந்த அவருடைய மனைவியர். 1696இல், முற்றுகையின் நடுவே, அவர்களில் ஒருவரான தாராபாய்க்கு இங்கே ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. தாத்தாவின் பெயரே வைத்தார்கள். அடுப்பும் தொட்டிலும் பிள்ளைக் குளியலும் எல்லாம் இருந்த குடித்தனம். ஆனாலும் செஞ்சி அவர்களுக்குச் சொந்த ஊராகவில்லை. 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் ஏற்கெனவே தப்பியிருந்தார், குடும்பத்தார் முகலாயர் கையில் சிக்கினார்கள். குடித்தனம் மட்டும் போதாது, இருக்க விடவும் வேண்டும் என்று இதற்குப் பொருள். இன்றைய செஞ்சி வட்டாரத்தில் இதைப் புரிந்துகொள்ள 17ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு சென்னையைச் சுற்றிய செங்கல் சூளைகளுக்குப் போகின்றன. அங்கேயும் சோறு பொங்குகிறது, தூளி ஆடுகிறது. மழை தொடங்கினால் வேலை முடியும், குடிசை காலியாகும். அடுத்த வருடம் எந்தச் சூளை என்று தெரியாது. பிள்ளைக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று அமைவதற்குள் மூட்டை கட்டியாகிவிடும். கடல் கடந்த எங்களுக்கு இரண்டே வருடத்தில் கிடைத்துவிடும் நிலைத்த முகவரியும் பாலர் பள்ளி இடமும், 150 கிலோமீட்டர் தள்ளிப் போன அவர்களுக்குச் சொந்த மாநிலத்திலேயே கிடைப்பதில்லை. சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளைக்கு, போன இடத்து அங்கன்வாடியில் கேள்வி கேட்காமல் இடம் தருவதும், முன்பணக் கடனை வைத்துக் குடும்பத்தை இடம் மாற்ற முடியாதபடி செய்வதும் அரசு செய்யக்கூடிய வேலைகள். உலக மரபுப் பட்டியலில் ஏறிய ஊரின் பெயரால் கேட்பதற்கு வேறெதையும்விட இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன.