பிணையாளர் இல்லாத வாசகி

காலை ஆறரை மணி பஸ்ஸில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம். நான் பணியாற்றும் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது சகோதரிகளும் நானும். பரந்தன் கடந்து ஆனையிறவு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. அந்த வீதியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவு இருக்கிறது. கொடிகாமத்தில் யாரோ கச்சான் வாங்கிப் பகிர்ந்த பின்னரே மீண்டும் கலகலப்பு வந்தது.

நாங்கள் போனது யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பார்க்க. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன்னர் எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் அருகிலுள்ள சிறு நூலகம் ஒன்றுக்குப் போனார். கணவரை இழந்தவர், தையல் மெஷினை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். சட்டை வெட்டும் அளவுகள் உள்ள புத்தகம் அவருக்குத் தேவைப்பட்டது. இரவல் பெற வேண்டுமானால் சோலைவரி செலுத்தும் ஒருவர் பிணையாளராகக் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். மீள்குடியேறி வந்தவருக்கு அங்கே உறவினர் இல்லை. தெரிந்த வீட்டுக்காரர் எல்லோரும் அவரிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள். அவர்களிடம் கேட்கக் கூச்சம்.

"புத்தகம் துலைஞ்சால் நான்தானே மிஸ் காசு கட்டவேணும்? பிறகேன் இன்னொரு ஆள்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு அந்தப் பக்கமே அவர் போகவில்லை. நூலகரைக் குறை சொல்லவும் முடியாது. புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

யாழ். பஸ் நிலையத்தில் இறங்கி, மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்தபடி நடந்தோம். வெள்ளைக் கட்டடமும் முன்னால் சரஸ்வதி சிலையும் தெரிந்தபோது, அந்த அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எங்களை உள்ளுக்கு விடுவினமோ?" என்றார்.

சிலைக்கு அருகே நின்று நூலகத்தின் கதையைச் சொன்னேன். 1933 இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டில் வைத்தே மற்றவர்களுக்குப் புத்தகம் வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அதுதான் ஆரம்பம். பெரிய கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. அதற்கு ஆலோசனை வழங்கியவர்களுள் இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனும் ஒருவர். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, வருகின்ற ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 1931 இலேயே எழுதியவர் அவர். 1981 மே 31, ஜூன் 1 ஆம் திகதிகளை ஒட்டிய இரவில் நூலகம் எரிக்கப்பட்டது. ஓலைச்சுவடிகளுடன் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. திருத்தப்பட்டு, போரில் மீண்டும் சேதமடைந்து, 2000களின் முற்பகுதியில் மறுபடி வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது.

"எங்கட வீடு மாதிரித்தான்" என்றார் ஒருவர். எவரும் சிரிக்கவில்லை.

உள்ளே பத்திரிகைப் பகுதி, சிறுவர் பகுதி, உசாத்துணைப் பகுதி என்று பார்த்தோம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் இருந்தார்கள். அந்த அக்கா பணியாளர் ஒருவரிடம் தயங்கித் தயங்கித் தையல் புத்தகம் கேட்டார். அவர் எழுந்து வந்து தட்டைக் காட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தபோதும் அக்கா எழும்பவில்லை. கொப்பியில் அளவுகளைப் பிரதி செய்துகொண்டிருந்தார்.

சமூகவியல் படித்த காலத்தில் நூலகப் பயனர் திருப்தி பற்றிய ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன். வினாக்கொத்தை நூலகத்துக்குள் இருப்பவர்களிடம்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். வாசலோடு திரும்பிப் போனவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. எத்தனை புத்தகம், எத்தனை கதிரை என்பதோடு, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதையும் கேட்டால்தான் சேவை உண்மையில் முன்னேறும்.

ஊர் திரும்பியதும் சங்கத்தின் பெயரில் உள்ளூர் நூலகத்துக்குக் கடிதம் எழுதினோம். சங்க அங்கத்தவர்களுக்குத் தலைவியின் கையொப்பத்தைப் பிணையாக ஏற்குமாறும், சங்கக் கூட்டத்துக்கு மாதமொருமுறை ஒரு பெட்டி புத்தகம் தருமாறும் கேட்டோம். முதற் கோரிக்கையை ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக ஏற்றுக்கொண்டார்கள். புத்தகப் பெட்டிக்கு இன்னும் பதில் இல்லை. மறுபடி எழுதுவோம்.

சகோதரிகளே, உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அடையாள அட்டையையும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். உறுப்புரிமை கிடைக்காவிட்டாலும், உள்ளே இருந்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். விரும்பிய புத்தகம் இல்லையென்றால் அதன் பெயரை எழுதிக் கொடுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள்.

அந்த அக்காவின் கையில் இப்போது இரவல் அட்டை இருக்கிறது. முதல் எடுத்த தையல் புத்தகத்தைத் தவணைக்கு இரண்டு நாள் முன்னதாகவே, பழைய கலண்டர் தாளில் உறை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.