முதல் ஆயிரம் தட்டுகள்

இண்டி இசை கேட்கிற இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு வழியில்தான் போகும். "இந்த ஆல்பத்தைக் கேட்டியா?" என்பது ஒன்று. "அதெல்லாம் இண்டியே கிடையாது" என்பது மற்றது. எங்கள் நண்பர் கூட்டமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை புது ஆல்பங்கள் வெளியாகும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சண்டை சூடு பிடித்துவிடும். ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடுவதை இன்னொருவர் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை என்பார். அந்தச் சண்டைகளில்தான் எனக்குப் பிடித்த பாதி ஆல்பங்கள் கிடைத்தன. ஆகவே அதை வெட்டிப்பேச்சு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு கேள்வி மட்டும் வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனியும் விளம்பரமும் இல்லாமல், கையைக் கடித்துக்கொண்டு போட்ட ஓர் இசைத்தட்டு முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு முதன்முதலில் எப்படிப் போய்ச் சேர்ந்தது? யார் யாரிடம் சொல்லி? பழைய பேட்டிகள், ஆவணப்படங்கள், அந்தக் காலத்துப் பத்திரிகைப் பக்கங்கள் என்று கிடைத்ததையெல்லாம் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன்.

முதலில் எட்டியது 1980 ஜனவரி. பிரிட்டனில் இண்டி இசைத்தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் வெளியாகத் தொடங்கிய மாதம் அது. செர்ரி ரெட் என்ற சிறு லேபிளை நடத்திய இயன் மெக்நே கொடுத்த யோசனை. விதி மிக எளிமையானது: பெரிய கம்பெனிகளின் விநியோக வலைக்கு வெளியே கடைக்கு வந்த தட்டு என்றால் பட்டியலில் இடம் உண்டு. கிட்டார் எப்படி ஒலிக்க வேண்டும், பாடகர் எப்படி உடுத்த வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அதனால்தான் 1988-இல் கைலி மினோக் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தார். மின்னுகிற டான்ஸ் பாப் பாட்டு. ஆனால் அவருடைய தட்டுகளை வெளியிட்ட லேபிள் தனி விநியோகஸ்தர் மூலம் விற்றது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் இதைச் சொன்னால் அடிதடிதான். நான் விதியின் பக்கம். ஒலியைக் காசு கொடுத்து நகலெடுத்துவிடலாம். பெரிய கம்பெனிகள் அதைத்தான் பிற்பாடு செய்தன. தட்டு வந்த வழியை அப்படி நகலெடுக்க முடியாது.

அந்த வழி எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் லண்டனில் ஒரு கடை வருகிறது. 1976-இல் ஜெஃப் டிராவிஸ் என்ற இளைஞர் மேற்கு லண்டனில் திறந்த ரஃப் டிரேட். அமெரிக்கா முழுக்கச் சுற்றிப் பழைய தட்டுகளை வாங்கிச் சேர்த்திருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையில் ஆட்கள் வாங்காமலேயே உட்கார்ந்து மணிக்கணக்கில் படித்ததைப் பார்த்து, இசைக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கல்லாவுக்குப் பின்னால் நிற்பவரும் முன்னால் நிற்பவரும் ஒரே பைத்தியம் பிடித்தவர்கள். "இதைக் கேட்டுப் பாருங்கள்" என்று போட்டுக் காட்டுவதே அங்கே வியாபாரம். ரசிகர்கள் நகலெடுத்துத் தைத்த ஃபேன்சின் இதழ்களும் அதே கல்லாவில் விற்றன. சில வருடங்களில் யார்க், பிரிஸ்டல், லிவர்பூல், எடின்பரோ என்று பல ஊர்களின் சிறு கடைகளும் லேபிள்களும் இதோடு கைகோத்துக் 'கார்டெல்' என்ற விநியோகக் கூட்டணி ஆயின. 1980-இன் பட்டியல் இப்படிப்பட்ட கடைகளின் தோளில்தான் நின்றது.

கடை இருந்தால் போதாது, விற்கச் சரக்கு வேண்டுமே. அந்தத் தேடலில் மான்செஸ்டருக்குப் போனேன்.

பஸ்காக்ஸ் குழுவின் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' ஏழு அங்குலத் தட்டு. நான்கே பாட்டு. 1976 டிசம்பர் 28 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறை நடுவே, இண்டிகோ ஸ்டுடியோவில் ஒரே நாளில் பதிவானது. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் திரட்டிய கடன் சுமார் 500 பவுண்டு. 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தங்களுக்கே ஒரு லேபிள் பெயர் வைத்துக்கொண்டு 1977 ஜனவரி கடைசியில் வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம் பிரதி. அது போதும், கடனை அடைத்துவிடலாம் என்பதுதான் கணக்கு. கடைசியில் பதினாறாயிரம் போனது.

2017-இல், நாற்பது வருடம் கழித்து டொமினோ லேபிள் மறுபடி வெளியிட்ட பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் நான்கு பேர், ஊர் நடுவிலுள்ள சிலையடியில் நின்று எடுத்த போலராய்ட் படம். அவர்களுடைய மேனேஜர் ரிச்சர்ட் பூன் சொடுக்கியது. உறையின் பின்பக்கம்தான் என்னை நிறுத்திவைத்தது. ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் பக்கத்தில், எத்தனையாவது தடவை வாசித்தது, அதன்மேல் என்ன சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டு மூன்றாவது தடவை, மேற்பதிவு எதுவும் இல்லை. மற்ற மூன்றும் முதல் தடவையே. மேலே ஒரு கிட்டார் மட்டும். அவ்வளவுதான். ஸ்டுடியோ என்றாலே ஏதோ மந்திர அறை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயசுப் பையன் இதைப் படித்தால் என்ன நினைப்பான்? "அட, இவ்வளவுதானா, நாமும் செய்யலாமே" என்றுதானே! அப்படி நினைத்தவர்கள் அந்த நாட்டில் ஏராளம். தட்டைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட் இரண்டு வருடத்தில் ஜாய் டிவிஷன் என்ற குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சொந்தமாகத் தட்டுப் போட்டவர்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் ஒரு தலைமுறைக்குக் கதவு திறந்தது இந்தத் தட்டுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, பஸ்காக்ஸ் குழுவுக்கு வழி காட்டியது யார்? அதைத் தொடங்கிய ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் போல்டனில் கல்லூரி மாணவர்கள். 1976 பிப்ரவரியில் என்.எம்.இ. வார இதழில் ஒரு சின்ன நிகழ்ச்சி விமர்சனம் படிக்கிறார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற, யாருக்கும் தெரியாத ஒரு குழுவைப் பற்றியது. ஒரு கார் ஏற்பாடு செய்துகொண்டு தெற்கே ஓடுகிறார்கள். ரெடிங்கில் படித்துக்கொண்டிருந்த நண்பர் ரிச்சர்ட் பூனையும் சேர்த்துக்கொண்டு அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சி பார்க்கிறார்கள். பார்த்தது போதவில்லை, ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்று, ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலைப் பிடித்து அந்தக் குழுவை வரவழைக்கிறார்கள். டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் சொச்சம்தான். ஆனால் நானும் போனேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்களைக் கூட்டினால் அந்த அரங்கு பல தடவை நிரம்பும்.

வாசலில் பிஸ்டல்ஸின் மேனேஜர் மால்கம் மெக்லாரன் நின்று போகிறவர் வருகிறவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குழு தொடங்குவதற்காக வேறு யாருக்கோ காத்திருந்த ஸ்டீவ் டிகில் என்ற பையனை ஆள் மாறிப்போய் ஷெல்லியிடம் கொண்டுவந்து நிறுத்தினார். பஸ்காக்ஸுக்கு ஆள் கிடைத்தது அப்படித்தான். பார்க்க வந்த பீட்டர் ஹுக் மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கினார். கூட வந்த பெர்னார்ட் சம்னரோடு சேர்ந்து அவர் அமைத்த குழுதான் ஜாய் டிவிஷன்.

ஆக, நான் தேடிய சங்கிலியின் நுனியில் இருந்தவர்கள் பத்திரிகையில் ஒரு விமர்சனத்தைப் படித்து, "வா, போய்க் கேட்டுட்டு வருவோம்" என்று கிளம்பிய இரண்டு ரசிகர்கள். குழு, தட்டு, லேபிள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அதே ஊற்று மேலும் ஓடியது. 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தங்கள் முதல் தட்டின் உறையிலேயே செலவுக் கணக்கை அச்சிட்டது: பதினான்கு மணி நேர ஸ்டுடியோவுக்கு 98 பவுண்டு, லேபிளில் குத்த ரப்பர் ஸ்டாம்புக்கு 8 பவுண்டு. ரசிகனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே வருடம் பெல்ஃபாஸ்ட்டில் டெரி ஹூலி தன் ரெக்கார்டு கடையின் பெயரிலேயே நடத்திய குட்டி லேபிளில் தி அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' வந்தது. பிபிசி வானொலியில் ஜான் பீல் அதை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார். நம்மிடம் ஒரு நண்பர் வந்து "இன்னொரு தரம் கேளு" என்பார் இல்லையா, அதேதான்.

இந்தக் கதை தெரிந்த பிறகு எங்கள் சனிக்கிழமைச் சண்டையில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். யார் ஒரு ஆல்பத்தைச் சொன்னாலும் கூடவே யார் தயாரித்தது, எந்த லேபிள், குழுவிடமே நேரடியாக எங்கே வாங்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிடித்த ஆல்பத்தை இலவசமாகக் கேட்டுவிட்டுப் போய்விடாமல் ஒன்றாவது காசு கொடுத்து வாங்குங்கள். ஆயிரம் பேர் வாங்கினால் கடனை அடைத்துவிட்டு அடுத்த தட்டைப் போடுவார்கள்.