தள்ளை யார்?

மார்க்கோ போலோ தமிழகத்துக் கடற்கரைக்கு வந்தது 1292ஐ ஒட்டிய ஆண்டுகளில். குமரியைப் பற்றியும் சில வரிகள் எழுதிய அந்தப் பயணி, அதைவிட விரிவாகக் காயல் துறைமுகத்தையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பகுதி வணிகர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கொண்டுவந்து பாண்டிய நாட்டில் விற்றார்கள். பேணத் தெரிந்தவர் இல்லாமையால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்துபோயின. மறு ஆண்டு மீண்டும் கப்பல்கள் வந்தன. இந்நாட்டில் நல்ல குதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஏறுவதற்கு உதவாத குட்டியே பிறக்கிறது என்றும் அவர் சொல்கிறார்.

அயல்நாட்டானின் மிகை இதில் ஓரளவு இருக்கலாம். ஆனால் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிகள் நினைவுக்கு வரும். குதிரையைக் கல்லில் அத்தனை உயிரோடு வடித்தவர்கள் நாம். அதன் வழியைப் பேணி வைக்கவில்லை. வாங்கினோம், ஏறினோம், இழந்தோம், மறுபடியும் வாங்கினோம்.

ஆங்கிலேயர்களும் குதிரையைக் கீழை நாடுகளிலிருந்தே பெற்றார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்த பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்னும் மூன்று பொலிக்குதிரைகளே இன்று உலகெங்கும் ஓடும் 'தரோபிரெட்' பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஆண்வழி மூதாதைகள். அவர்கள் வேறாகச் செய்தது ஒன்றுதான்: எழுதிவைத்தார்கள். எந்தக் குட்டி எந்தப் பெட்டைக்கு, எந்தக் குதிரைக்குப் பிறந்தது என்று 1791இல் வெதர்பி என்பவர் தொகுத்து அச்சிட்ட பதிவேடு இன்றுவரை தொடர்கிறது.

அந்தப் பதிவேட்டு மரபு உருவாக்கிய குதிரைகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லவந்தேன். அதன் பெயர் நார்தர்ன் டான்ஸர். 1961 மே 27 அன்று கனடாவின் ஒஷாவா நகரில், ஈ. பி. டெய்லர் என்ற செல்வந்தரின் பண்ணையில் பிறந்தது. பருவம் கடந்து பிறந்த குட்டி, ஆகவே சிறிய உடல். ஒரு வயதில் 25,000 டாலர் விலை குறித்து விற்பனைக்கு வைத்தபோது வாங்குவதற்கு எவருமில்லை. டெய்லரே வைத்துக்கொண்டார். 1964இல் அந்தக் குள்ளக் குதிரை கென்டக்கி டெர்பியின் ஒன்றேகால் மைலைச் சரியாக இரண்டே நிமிடத்தில் ஓடிப் புதிய சாதனை படைத்தது. அடுத்து பிரீக்னஸ் பந்தயத்தையும் வென்றது. மூன்றாவதான பெல்மாண்டில் மூன்றாம் இடம். மொத்தம் 18 ஓட்டங்களில் 14 வெற்றி. ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களுக்கு வெளியே முடித்ததில்லை. அவ்வாண்டே கால்நரம்பில் காயமுற்று ஓய்வு பெற்றது.

ஓடி முடித்த பிறகுதான் அதன் பெரிய வாழ்க்கை தொடங்கியது. அதன் மகன் நிஜின்ஸ்கி 1970இல் இங்கிலாந்தின் மும்முடியை வென்றது. அதன்பின் இன்றுவரை வேறெந்தக் குதிரையும் அம்மூன்று பந்தயங்களையும் சேர்த்து வெல்லவில்லை. இன்னொரு மகனான சாட்லர்ஸ் வெல்ஸ் பிரிட்டன், அயர்லாந்துப் பொலிக்குதிரைகளின் பட்டியலில் 14 முறை முதலிடம் பெற்றது. 1980களின் நடுவில் நார்தர்ன் டான்ஸரை ஒரு பெட்டையோடு ஒருமுறை சேர்ப்பதற்குப் பத்து லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். குட்டி பிறக்கும் என்ற உறுதிமொழிகூட அதில் கிடையாது. 1990 நவம்பரில் இறந்து, பிறந்த பண்ணையிலேயே புதைக்கப்பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 1983இல் கென்டக்கியின் கீன்லாண்ட் ஏலத்தில் நார்தர்ன் டான்ஸரின் ஒரு வயது மகன் ஒன்று 102 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஸ்னாஃபி டான்ஸர் என்ற அந்தக் குதிரை வாழ்நாளில் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிக்கு விட்டபோதும் விரல்விட்டு எண்ணத்தக்க குட்டிகளே பிறந்தன. இன்னொரு மகன் ரஸீன். 1990இல் எப்சம் டெர்பியில் பலரும் பணம் கட்டிய முன்னணிக் குதிரை. ஓடியபோது பின்வரிசையில் எங்கோ முடித்தது. ஆனால் அது இந்தியாவுக்கு வந்து உஷா பண்ணையில் நின்று, இந்நாட்டின் முதன்மைப் பொலிக்குதிரையாகப் பலமுறை விளங்கியது. தந்தை ஒன்றுதான். மகன்கள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள்?

என் பாட்டாவுக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோவாளைப் பக்கத்து நெல்வயல்களில் உழுதவர். அவர் அறிந்தது மாடு. வடசேரிச் சந்தையில் தரகர், காளையின் தகப்பனைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரே கேள்வி: "அதெல்லாம் செரி வே, தள்ளை ஏது?" தாய் எது என்பதுதான் கேள்வி. பதில் சொல்லத் தெரியாத தரகரிடம் அவர் மாடு பிடித்ததே இல்லை என்று அம்மை சொல்வாள்.

அந்தக் கேள்வியை நார்தர்ன் டான்ஸரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதன் தாய் நடால்மா. 1960இல் ஒரு பெரிய பந்தயத்துக்கு ஆயத்தமாகும்போது முழங்காலில் எலும்பு சிதறி ஓட்டம் முடிவுக்கு வந்தது. பருவத்தின் கடைசியில் அவசரமாகச் சேர்க்கப்பட்டதால்தான் அந்தக் குட்டி தாமதமாகப் பிறந்தது. நடால்மாவின் தாய் அல்மஹ்மூத். அதற்கு காஸ்மா என்று இன்னொரு மகளும் உண்டு. காஸ்மாவின் மகன் ஹேலோ. ஹேலோவின் மகன் சண்டே சைலன்ஸ் ஜப்பானுக்குச் சென்று, 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் அந்நாட்டின் முதன்மைப் பொலிக்குதிரையாக இருந்தது. அதாவது ஐரோப்பாவின் ஓட்டத்தை மாற்றிய குதிரையும் ஜப்பானின் ஓட்டத்தை மாற்றிய குதிரையின் தந்தையும் அக்காள் தங்கை மக்கள். இரண்டு கண்டங்களுக்கும் போன ஆறு ஒரே பெட்டையின் வயிற்றில் ஊறியிருக்கிறது.

ஆனாலும் புகழ் ஆண்குதிரைக்கே போவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. பொலிக்குதிரைக்கு ஒரே ஆண்டில் நூறு குட்டிகள்கூடப் பிறக்கலாம். பெட்டை பதினொரு மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒன்று பெறுகிறது. வாழ்நாள் முழுவதும் பெற்றாலும் பத்துப் பதினைந்து. பட்டியலில் பெயர் குவிவது எண்ணிக்கையால். குட்டியின் உடலில் தாயின் பங்கு ஒருபோதும் பாதிக்குக் குறைவதில்லை. ஆண்குட்டி தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறது. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா முழுக்கவும் தாய்வழிச் செல்வம்.

நாஞ்சில் நாட்டவனுக்கு இது புதிதாக ஒலிக்கக் கூடாது. எங்கள் வேளாளக் குடும்பங்களில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மருமக்கள்வழி. தாய்வழி என்றதும் தாய்க்குப் பெருமை இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டை ஆண்டது காரணவர், அதாவது தாய்மாமன். மனைவியும் மக்களும் உகந்துடைமை என்னும் சிறு பங்குக்குக் கையேந்தி நின்றார்கள். அந்தத் துயரத்தைத்தான் கவிமணி, வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணின் வாய்மொழியாக மருமக்கள்வழி மான்மியத்தில் எள்ளலும் கண்ணீருமாக எழுதினார். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து மக்களின் உரிமையை ஏற்றது. அது வந்தாக வேண்டிய சட்டம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். சட்டத்துக்கு முன்பு பெண் சொத்து கடந்துபோகும் பாதையாக இருந்தாள். பின்பு அந்தப் பாதையும் அவள் வழியாகச் செல்லவில்லை. இரண்டு காலத்திலும் ஆவணத்தில் இருந்தது ஆணின் பெயர்தான்.

என் தகப்பன்வழியில் ஐந்து தலைமுறைப் பெயர்கள் எங்கள் பத்திரங்களில் இருக்கின்றன. அம்மை பெயர் தெரியும், ஆச்சி பெயர் தெரியும். ஆச்சியைப் பெற்றவளின் பெயரை அம்மையிடம் கேட்டபோது சற்று நேரம் யோசித்துவிட்டு, "பூதப்பாண்டிக்காரின்னுதான் சொல்லுவாவ மக்கா" என்றாள். அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. நூற்றாண்டுகள் தாய்வழியில் குலத்தைக் கணக்கிட்ட ஒரு நாட்டில், மூன்றாவது தாய் வெறும் ஊர்ப்பெயராகிவிட்டாள்.

குதிரைகளின் நிலை இதைவிட மேல் என்று முதலில் நினைத்தேன். புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர் பதிவேட்டின் பெட்டைகளைத் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கித் தொடர்ந்து, தாய்வழிக் குடும்பங்களாகப் பிரித்து எண்ணிட்டார். அவர் இறந்தபின் 1895இல் அது நூலாயிற்று. அதன்படி நார்தர்ன் டான்ஸர் இரண்டாம் குடும்பம். அந்தக் குடும்பத்தின் முதல் தாயைத் தேடிப்போனால் கிடைக்கும் பெயர் 'பர்ட்டனின் பார்ப் பெட்டை'. பர்ட்டன் என்பது உடைமையாளரின் பெயர். பார்ப் என்பது அது வந்த நிலத்தின் இனப்பெயர். முதல் குடும்பத்தின் மூதாயும் அப்படியே, டிரெகான்வெல் என்பவரின் பெட்டை.

முந்நூறு ஆண்டுப் பதிவேட்டின் மறுமுனையிலும் நிற்பவள் ஒரு பூதப்பாண்டிக்காரிதான்.