வேறு மாத்திரை எதுவும் இல்லைங்க

இந்தப் பொய்யை மூன்று வருடங்களாக மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

அம்மாவுக்கு 72 வயது. ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. டெல்மிசார்டானும், சிறுநீரைக் கூடுதலாகப் பிரியச் செய்யும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. அது மருத்துவர் எழுதிக் கொடுத்தது. முழங்கால் வலிக்கான மாத்திரையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் தன்னிடம் இருந்ததில் ஒன்றைக் கொடுத்தார், வலி விட்டது. காலி அட்டையை மருந்துக்கடையில் காட்டி அதையே வாங்கினேன். பிறகு அட்டையும் தேவைப்படவில்லை. "கண்ணு, கால் மாத்திரை தீந்துபோச்சு" என்று அம்மா சொன்னால், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இரண்டு அட்டை வாங்கிவந்துவிடுவேன். டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. அதுவும் எனக்குத் தெரியும்.

அதைவிட வெட்கக்கேடான ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் சத்தியமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியன். எங்களுக்கு அருகே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. இந்தியாவில் 1990களில் தொடங்கி அவை கூட்டம் கூட்டமாக ஏன் செத்தன என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பேன். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. அதனால்தான் 2006இல் அதைக் கால்நடைக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. அந்த மருந்தின் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடுவேன்: டைக்ளோஃபெனாக். எழுதிவிட்டு, மாலையில் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனித உடல் அந்தப் பறவையைப் போல உடனே வீழ்ந்துவிடாதுதான். மருத்துவர் பார்த்து, சில நாட்களுக்கு என்று கொடுத்தால் இது பயனுள்ள மருந்து. நான் கொடுத்ததோ நாளுக்கு இரண்டு வீதம், ஆண்டுக்கணக்கில். நெஞ்செரிகிறது என்று அம்மா சொன்னபோது கேஸ் மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். அது வயிற்றுக்குத்தான் பாதுகாப்பு. சிறுநீரகத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கால் வீங்கியபோது, "வயசாயிருச்சில்லம்மா" என்றேன்.

ரத்த அழுத்தத்துக்காகக் காட்டப்போகும் ஒவ்வொரு முறையும் மருத்துவர், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்பார். "இல்லைங்க" என்பேன். திட்டுவாரோ என்ற பயம் பாதி. மீதியை இப்போதுதான் எனக்கு நானே ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார். தொடைத் தசைக்குப் பயிற்சி கற்றுக்கொள்ள, வாரம் இரண்டு நாள் அம்மாவை இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்வார். எனக்கு அதற்கு மனமில்லை. நான் அம்மாவுக்காக ஒதுக்க வேண்டிய நேரத்தை மாத்திரை கொடுத்து மிச்சம் பிடித்தேன்.

ஒரு கோடையில், அக்கினி நட்சத்திர நாட்களில், அம்மாவுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மாத்திரைகளை மட்டும் நான் தவறாமல் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோனது. முந்தைய ஆண்டு 0.9 இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு) 3.4 என்று வந்தது.

மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை மாத்திரை டப்பாவைத் திறந்து அவர் முன்னால் கொட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை வலி மாத்திரை சுருங்கவைக்கிறது. வெளியே போகும் குழாயை டெல்மிசார்டான் தளர்த்துகிறது. சிறுநீரைக் கூட்டும் மருந்தும் வயிற்றுப்போக்கும் உடம்பில் இருக்கும் நீரை இறக்கிவிடுகின்றன. வடிகட்டத் தேவையான அழுத்தமே அங்கே இல்லாமல் போகிறது. மூன்று மருந்தும் சேர்ந்தால் இந்த ஆபத்து உண்டு என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். நான் மறைக்காமல் இருந்திருந்தால், முதல் நாளே என்னிடம் சொல்லியிருப்பார்கள்.

மாத்திரைகளை நிறுத்தி, நரம்பு வழியாக நீர் ஏற்றியதில் அம்மா டயாலிசிஸ் இல்லாமல் தப்பினார். கிரியேட்டினின் 1.5 வரை இறங்கியது. அதற்குக் கீழே வரவில்லை. "வலிக்குதுன்னு கேட்டது நான்தானே கண்ணு, நீ என்ன பண்ணுவே" என்றார். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு நான் செய்தது தவறு.

இப்போது வாரம் இரண்டு நாள் நான்தான் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். வலி முழுதாகப் போகவில்லை, படியேற முடிகிறது. அம்மா சாப்பிடும் ஒவ்வொரு மருந்தின் பெயரும், அளவும், யார் எழுதியது என்பதும் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் இருக்கிறது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்திவைப்பது என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். இன்று இரவு அதைத் திறந்து, சீட்டில்லாமல் வாங்கிய அட்டைகளைத் தனியே எடுத்துவையுங்கள். கடையில் நாமாக வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், யாரோ கொடுத்த பொடி என எதையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ காட்டப் போகும்போது அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "வேறு ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று மருத்துவர் கேட்டால், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லுங்கள்.