பேரேடு படித்தவன் பைதானில் மாட்டிய கதை

நான் படிப்பது பி.காம். மூன்றாம் வருடம். ஆனாலும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு, பில் போட ஒரு சின்ன வெப்சைட் செய்து கொடுத்தேன். பைதான், அதில் ஃப்ளாஸ்க். பந்தா காட்டத்தான், வேறென்ன :-)

பிரவுசரிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் வாங்கிப் பதில் சொல்ல ஒரு ஃபங்ஷன் வேண்டும். அதற்குப் பெயர் ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர். லாகின், மல்லி விலை, பில் என்று அத்தனை ஹேண்ட்லரையும் ஒரே கோப்பில் எழுதித் தள்ளினேன். 900 வரி!

மார்கழியில் மாட்டினேன். பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும், கடனும் ஏறும். "பாக்கியவும் இதுலயே எழுதுற மாதிரி செஞ்சு குடு மாப்ள" என்றார் மாமா. ராத்திரி உட்கார்ந்து எழுதி, ஃபங்ஷனுக்கு 'சேவ்' என்று பெயர் வைத்தேன். 700 வரிக்கு மேலே பில்லுக்கும் ஒரு 'சேவ்' இருந்தது மறந்தே போச்சு. ஒரே பெயரில் இரண்டு ஹேண்ட்லர் இருந்தால் ஃப்ளாஸ்க் கிளம்பவே கிளம்பாது. ஓட்டிப் பார்க்காமல் ஏற்றிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

விடியற்காலை போன். "பில்லே வரலடா." அன்று முழுக்கத் துண்டுச்சீட்டில் எழுதினார். அதில் இரண்டு சீட்டு காணாமல் போனது. யார் பாக்கி, எவ்வளவு, இன்றுவரை தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதினால் தேடவும் திருத்தவும் முடியாது, அதனால்தான் கொள்முதல் ஏடு, விற்பனை ஏடு, ரொக்க ஏடு என்று தனித்தனியாக வைக்கிறோம். முதல் வருடப் பாடம். பரீட்சையில் எழுதியவன் கோப்பில் கோட்டை விட்டேன்.

ஃப்ளாஸ்க்கில் இதற்கு 2011 முதல் 'ப்ளூபிரிண்ட்' இருக்கிறது. பில் ஹேண்ட்லர்கள் ஒரு கோப்பு, பாக்கி ஹேண்ட்லர்கள் இன்னொரு கோப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ளூபிரிண்ட். பெயர்கள் பில்.சேவ், பாக்கி.சேவ் என்று ஆகிவிடும், முட்டிக்கொள்ளாது. மெயின் கோப்பில் இவற்றைப் பதிவு செய்கிற சில வரிகள் மட்டும்.

செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். டேட்டாபேஸ் இணைப்பை மெயின் கோப்பில் வைக்காதீர்கள். மெயின் பில்லைக் கூப்பிட, பில் மெயினைக் கூப்பிட, இரண்டும் சுற்றிக்கொண்டு நிற்கும். அதையும் தனிக் கோப்பாக்குங்கள். அப்புறம், கோப்பைப் பிரித்தால் ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கோப்பில் இலக்கணப் பிழை இருந்தாலே மொத்தமும் படுத்துவிடும். தப்பு எங்கே என்று சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

மாமா அந்த இரண்டு சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.