காலியாக ஒரு ஸ்லாட்

செம்மேடு. மாசி மாதக் காலை. பனிமூட்டத்தில் வல்வில் ஓரி சிலை இடுப்புக்கு மேல் தெரியவில்லை.

கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், செல் சர்வீஸ். கீழே, வேறு மையில், பிறகு எழுதியது: லேப்டாப்.

அப்பா தோளிலிருந்து மிளகு மூட்டையை இறக்குகிறார். மகள் கையில் துண்டு சுற்றிய பொட்டலம். மேசையில் வைத்துத் துண்டை அவிழ்க்கிறாள். மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை. கோபுரத்தின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், மறு ஆண்டு சித்தப்பாவுக்குப் பள்ளியில் கொடுத்தது. சித்தப்பா இப்போது திருப்பூரில். மகள் நாமக்கல்லில் காலேஜ் முதல் வருடம்.

கடைக்காரர் சார்ஜரைச் செருகுகிறார். பேட்டரி செத்து நாளாகிவிட்டது. உள்ளே ஹார்டு டிஸ்க் கறகறக்கிறது. டீ வருகிறது. மூவரும் குடித்து முடிக்கிறார்கள். திரையில் அம்புக்குப் பக்கத்தில் நீல வளையம் இன்னும் சுற்றுகிறது.

“தினமும் இப்படித்தாங்ண்ணா.”

அவர் பதில் சொல்லவில்லை. அணைக்கிறார். கவிழ்க்கிறார்.

ஒன்பது திருகுகள். ஒவ்வொன்றையும் பழைய காலண்டர் அட்டையில், கழற்றிய இடத்தின் வரிசையிலேயே குத்தி வைக்கிறார். மூடி விலகுகிறது. பச்சைப் பலகை. பக்கம் பக்கமாக இரண்டு ஸ்லாட். ஒன்றில் 2 ஜிபி ராம். மற்றதில் தூசி.

“பன்னெண்டு வருசத்துக்கு மேல இது காலியாவே கெடக்குது பாப்பா.”

மகள் குனிந்து பார்க்கிறாள்.

கழற்றிய ராமை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கிறார். டிடிஆர் 3. பிசி3-10600. அதாவது 1333 வேகம். மேசை இழுப்பறையைத் திறக்கிறார். பத்துப் பன்னிரண்டு ராம்கள், பிஸ்கட் டப்பாவில். எல்லாம் விரல் நீளப் பச்சைத் துண்டுகள். ஒன்றை எடுக்கிறார், வைக்கிறார். டிடிஆர் 2, 200 கால். இன்னொன்று டிடிஆர் 4, 260 கால். வேண்டியது 204. ஓரத்தில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில். தப்பான வெட்டு உட்காராது. அவர் அழுத்திப் பார்ப்பதில்லை.

கடைசியில் ஒன்று கிடைக்கிறது. 4 ஜிபி. பெயரில் கூடுதலாக ஓர் எல். 1.35 வோல்ட்டில் ஓடுவது. இந்தப் பலகை கொடுக்கும் 1.5 வோல்ட்டையும் தாங்கும். அதைத் தனியே வைக்கிறார். போனை எடுக்கிறார். “இன்னொன்னு நாமக்கல்லு பஸ்ல குடுத்து உடு.”

அப்பா வாசலில் நிற்கிறார். மூட்டையின் மேல் ஒரு கை.

“பிராசஸரும் மாத்தலாமாங்ண்ணா?”

காற்றாடியைக் கழற்றுகிறார். அடியில் பூசிய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்கிறது. துடைக்கத் துடைக்க எழுத்து தெரிகிறது: பென்டியம் பி960. பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று. அரைச் சுற்றுத் திருப்புகிறார். பூட்டு திறக்கிறது. சிப் கையோடு வருகிறது. அடியில் தங்க நிற ஊசிகள், கேழ்வரகு நாற்றைவிட நெருக்கமாக. அவர் ஊசிகளில் விரல் படவிடவில்லை. இறக்கிவைத்துப் பூட்டுகிறார். மேசையின் மறு ஓரத்தில் திறந்து கிடக்கும் புது லேப்டாப் ஒன்றைக் காட்டுகிறார். அதில் திருகு இல்லை. சிப் பலகையோடு பற்றவைத்தது. மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

பில்லின் பின்பக்கம் எழுதுகிறார். பழைய ஐ5-2450எம், சேலத்தில் கிடைக்கும். 35 வாட். இருப்பதும் 35 வாட். சரி. ஐ7, நாலு கோர், 45 வாட். காற்றாடி தாங்காது. அடித்துவிடுகிறார். மூன்றாம் தலைமுறை ஐ5. குழியில் உட்காரும். ஆனால் பயாஸைப் புதுப்பிக்காமல் திரை வராது. புதுப்பிக்கும்போது கரன்ட் போனால் பலகையே போச்சு. மேலே பல்பு ஒரு முறை மங்கி எரிகிறது. அதையும் அடிக்கிறார்.

மிச்சம் இரண்டு வரி. ராம் இரண்டு, ஒரு தொகை. ஐ5, ஒரு தொகை. தாளை அப்பா பக்கம் திருப்பி வைக்கிறார்.

அப்பா தாளைப் பார்க்கிறார். மூட்டையைப் பார்க்கிறார். மகள் முதல் வரியில் விரல் வைக்கிறாள்.

அப்பா மூட்டையோடு மிளகு வியாபாரியிடம் போகிறார்.

பஸ் வருகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிரேக் நாற்றம். நடத்துநர் ஒரு கவரை நீட்டுகிறார். கடைக்காரர் பிரித்து, முதல் வேலையாக வெட்டைப் பார்க்கிறார்.

புது பேஸ்ட், அரிசி அளவு. ராமைச் சாய்த்துச் செருகுகிறார். அழுத்துகிறார். இரு பக்கமும் கொக்கி விழுகிறது. டக். அடுத்தது. டக்.

ஆன். கறுப்புத் திரையில் 8192.

மகள் சிரிக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. விண்டோஸ் வரும்வரை காத்திருக்கிறார். ஒரு பெட்டியைத் திறந்து காட்டுகிறார். பொருத்தியது 8 ஜிபி. பயன்படுவது 2. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அதன் எல்லை அவ்வளவுதான். எத்தனை ராம் போட்டாலும் இரண்டுக்கு மேல் எண்ணாது.

சிரிப்பு நிற்கிறது.

அவர் கையில் ஏற்கெனவே பென் டிரைவ். 64 பிட் லினக்ஸ்.

“உள்ள எடுத்து வைக்க எதாச்சும் இருக்குதா?”

“சித்தப்பா போட்டோங்ண்ணா.”

போட்டோக்கள் முதலில் வெளியே போகின்றன. சீருடையில் ஒரு பையன், இதே லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்தபடி. மூடியில் கோபுரம் முழுதாக இருக்கிறது.

லினக்ஸ் ஏற முக்கால் மணி நேரம். வெளியே பனி விலகுகிறது. ஓரியின் வில் தெரிகிறது. அப்பா திரும்புகிறார். தோளில் காலிச் சாக்கு, நாலாக மடித்தது. மகள் திரையில் ராமின் எண்ணைக் காட்டுகிறாள். அவர் எண்ணைப் பார்க்காமல் மகளைப் பார்க்கிறார்.

பழைய 2 ஜிபி ராமைக் கடைக்காரர் தாளில் சுற்றித் தருகிறார். மகள் அதைப் பையின் உள்ளறையில் வைக்கிறாள். லேப்டாப்பைச் சுற்றித் துண்டு.

அப்பா பணத்தை எண்ணி வைக்கிறார். பில்லை எடுக்கிறார். பின்பக்கம் திருப்பி, ஐ5 வரியை ஒரு முறை படிக்கிறார். மிளகு எடைச்சீட்டோடு சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்.